என் அபிப்பிராயம் விலை 1,200 ரூபாய்

எங்கள் வீட்டில் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பு கிடையாது. சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னால், உப்பு ஜாடி எதிரே வந்து ‘டொக்’கென்று உட்காரும். அவ்வளவுதான். ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலும் அதே கதை. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் மேனேஜர் டீ சொல்லி அனுப்புவார்.

அப்படிப்பட்ட அடியேனிடம் ஒரு அம்மாள் வந்து, “உங்க கருத்து ரொம்ப முக்கியம் தம்பி. ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசினாப் போதும், 800 ரூபா கவர்ல போட்டுக் குடுத்துடுவாங்க” என்றால் எப்படி இருக்கும்? செருப்பைக் கூட மாட்டாமல் கிளம்பிவிட்டேன். இது நடந்தது 2022-ல்.

அந்த அம்மாளுக்கு எங்கள் பேட்டையில் ‘சர்வே அக்கா’ என்று பெயர். மேற்கு மாம்பலத்தில் அவர் ஏறாத மாடிப்படி கிடையாது. தோளில் ஒரு பை, கையில் இப்போதெல்லாம் டேப்லெட், முன்பு அட்டையில் சொருகிய காகிதம். சோப்பு, டீத்தூள், வங்கிக் கடன், குழந்தை டயபர், எதற்கு வேண்டுமானாலும் ஆள் பிடித்துக் கொடுப்பார்.

முதலில் நம் வீட்டை எடை போடுவார்கள். அதற்கென்று இந்தியாவில் 2011-ல் ஒரு கணக்கு கொண்டுவந்தார்கள். குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிக்கிறவர் எதுவரை படித்திருக்கிறார், வீட்டில் 11 ஐட்டங்களில் எத்தனை இருக்கிறது. கரண்ட் கனெக்‌ஷன், சீலிங் ஃபேன், காஸ் அடுப்பில் ஆரம்பித்து கார், ஏ.ஸி. வரை போகும். கடைசி ஐட்டம் விவசாய நிலம்! இரண்டையும் கட்டம் போட்டுப் பார்த்தால் நீங்கள் 12 படிகளில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் நாம் உண்மையைச் சொல்ல மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

“வாஷிங் மெஷின் இருக்காம்மா?”

“இருக்கு. ஓடாது” என்றார் என் அம்மா.

“ஓடுதான்னு கேக்கலை. இருக்கா?”

“இருக்கு.”

“விவசாய நிலம்?”

“அரை ஏக்கர். கேஸ் நடக்குது.”

“இருக்குன்னு போட்டுக்கறேன்.”

இப்படியாக நாங்கள் இரண்டு படி ஏறினோம்.

அடுத்த கேள்வியில்தான் எனக்கு ஆபத்து காத்திருந்தது. ‘உங்கள் வீட்டில் யாராவது விளம்பரக் கம்பெனியிலோ, மார்க்கெட் ரிசர்ச்சிலோ, பத்திரிகையிலோ வேலை செய்கிறார்களா?’ ஆம் என்றால் கதவு சாத்திவிடும். விஷயம் தெரிந்த ஆசாமி கலந்துகொண்டால் பதில் கெட்டுப்போகும், ரகசியமும் வெளியே போகும் என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடு. (இந்தக் கட்டுரையே சாட்சி.)

“அக்கா, நான் பத்திரிகைக்கு எழுதறவன்.”

அக்கா யோசித்தார். “என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.காம்.”

“அப்பக் கணக்கு எழுதறேன்னு சொல்லிடுங்க. எழுதறதுதானே?”

இப்படித்தான் நான் பொய்யோடு அந்தத் தொழிலில் காலெடுத்து வைத்தேன். ‘கடைசி ஆறு மாசத்தில் இந்த மாதிரி எதிலாவது கலந்துகொண்டீர்களா?’ என்று இன்னொரு கேள்வியும் உண்டு. அதற்கும் ஒரே பதில்தான். இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

*

நுங்கம்பாக்கத்தில் ஒரு ஏ.ஸி. ரூம். எட்டு பேர். வட்டமாக உட்காரவைத்து ஸாண்ட்விச் கொடுப்பார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் நாம் தலை சீவிக்கொள்ளலாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பெனிக்காரர்கள் நாம் தலை சீவுவதைப் பார்ப்பார்கள். நடுவில் உட்கார்ந்து பேச்சு வாங்குகிறவருக்கு மாடரேட்டர் என்று பெயர். அவர் எல்லாக் கூட்டத்திலும் முதலில் சொல்வது இது: “இங்க சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் கிடையாது.” பி.காமில் இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நான் இன்றைக்கு ஆடிட்டர்.

கேள்விகளும் அலாதி. “இந்த பிஸ்கெட் ஒரு மனுஷனா மாறி இந்தக் கதவைத் திறந்துட்டு வந்தா எப்படி இருப்பார்?”

“வேட்டி கட்டிட்டு வருவார்” என்றார் ஒருத்தர்.

“ரிடயர் ஆனவர். பேங்க்கு” என்றார் இன்னொருத்தர்.

“கடன் கேக்க வந்திருப்பார்” என்றேன் நான். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ எழுதிக்கொள்வது போல எனக்குள் ஒரு பெருமிதம்.

இந்த வித்தையின் பூர்வ கதை சுவாரஸ்யம். 1941 நவம்பரில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பால் லஸார்ஸ்ஃபெல்ட் என்ற பேராசிரியர், சக பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டனைக் குடும்பத்தோடு ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வந்தவரைச் சாப்பிட விடாமல் ரேடியோ ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போய்விட்டார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ரேடியோ நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்தால் பச்சைப் பட்டன், பிடிக்காவிட்டால் சிவப்பு. முடிந்ததும், ஏன் அழுத்தினீர்கள் என்று ஒருவர் விசாரித்தார். விசாரிக்கிற விதம் சரியில்லை என்று மெர்ட்டன் குறை சொல்ல, நீயே கேள் என்று அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய குழுப் பேச்சு. ஆக, ஆரம்பமே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வேலை வாங்கியதுதான். ஸாண்ட்விச்சின் வரலாறு புரிகிறதா?

*

சரி, பணத்துக்கு வருவோம். காமர்ஸ்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது.

கடைசியாகப் போன கூட்டத்துக்கு 1,200 ரூபாய். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். மாம்பலத்திலிருந்து மின்சார ரயில், போக 5, வர 5. ஆறு மணிக்கு வரச் சொல்லி, ஆறே முக்காலுக்கு ஆரம்பித்து, ஒன்பது வரை பேசி, வீடு வந்து சேரும்போது ஒன்பதரை. நாலு மணி நேரம். 1,190-ஐ நாலால் வகுத்தால் மணிக்கு 297 ரூபாய் 50 காசு. இதை என் எழுத்துக் கூலியோடு ஒப்பிட்டு ஒரு கணக்கும் போட்டேன். ஆசிரியர் படிப்பார் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

ஆனால் எல்லாக் கூட்டமும் இப்படி லாபம் அல்ல. ஒரு தடவை ரொக்கத்துக்குப் பதில் 1,000 ரூபாய்க்கு கிஃப்ட் வவுச்சர் கொடுத்தார்கள். துணிக்கடை. போய்ப் பார்த்தால் ஆயிரத்துக்குள் அங்கே கிடைத்தது ஒரு பெல்ட். சட்டை 1,799. மேலே 799 போட்டு வாங்கி வந்தேன். என் கருத்தைக் கேட்டதற்கு நானே பணம் கட்டிய ஒரே சந்தர்ப்பம் அது.

மொபைலில் வரும் சர்வேக்கள் இன்னும் மோசம். வயசு, ஊர், வருமானம், என்ன ஷாம்பு என்று பதினெட்டு நிமிஷம் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ‘மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை’. கிடைத்தது இரண்டு பாயின்ட். 500 பாயின்ட் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவோ தேவலை.

இங்கே ஒரு எச்சரிக்கை, இளைஞர்களுக்கு. ‘வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, தினம் ஆயிரம்’ என்று டெலிகிராமில் கூப்பிடுகிறார்களே, அது ஆராய்ச்சியே இல்லை. முதலில் 150 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள். பிறகு, ‘அடுத்த டாஸ்க்குக்கு 5,000 டெபாசிட் கட்டு’. அதோடு சரி. நிஜமான ஆய்வில் உங்களிடம் பத்துப் பைசா கேட்க மாட்டார்கள், ஓ.டி.பி.யும் கேட்க மாட்டார்கள். கட்டிவிட்டீர்களென்றால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள்.

*

இந்தப் பணத்துக்கு அந்தத் தொழிலில் சம்பளம் என்று பெயர் கிடையாது. இன்சென்டிவ், அதாவது நன்றிக்காகக் கொடுப்பது. சம்பளம் என்றால் கொடுத்தவனுக்குப் பிடித்த மாதிரி பேசிவிடுவோம் என்ற பயம். பயப்படத் தேவையே இல்லை. காசு கொடுக்காவிட்டாலும் நாம் பிடித்த மாதிரிதான் பேசுவோம்.

என் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத இரண்டு டீத்தூள் பொட்டலங்கள் வந்தன. மேலே வெறும் மூன்று இலக்க நம்பர். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் ஒன்று. இரண்டாவது வாயில் வைக்க முடியவில்லை. அப்பா துளசிச் செடிக்கு ஊற்றினார். ஆனால் பதில் எழுதிக்கொள்ள ஒரு சின்னப் பெண் வந்ததும், “ரெண்டுமே நல்லாத்தான்மா இருந்துது” என்றார் அம்மா. அவள் போன பிறகு கேட்டேன். “பாவம்டா, வெயில்ல வந்திருக்கு அந்தப் பொண்ணு” என்றார்.

உண்மை சொன்னால் மட்டும்? 1985-ல் அமெரிக்காவில் கோக் கம்பெனி ருசியை மாற்றுவதற்கு முன் சுமார் இரண்டு லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தது. புதுசு நல்லா இருக்கு என்றுதான் பாதிக்கு மேல் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. கடைக்கு வந்ததும் நாடே கொந்தளித்தது. 79-வது நாள், பழைய ருசி திரும்ப வருகிறது என்று அறிவித்தார்கள். ஒரு மடக்கு குடித்துச் சொல்வது வேறு. வருஷக்கணக்காகக் குடித்ததைப் பறிகொடுப்பது வேறு.

*

இப்போது அந்த 1,200 ரூபாய் கூட்டம். போன வருஷம் நடந்தது.

சர்வே அக்கா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்க வந்தார். நான் வீட்டில் இல்லை. ‘இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மேல் எவ்வளவு நம்பிக்கை? பத்துக்கு எத்தனை மார்க்?’ என்ற கேள்விக்கு அம்மா, “சைபர். கேட்டா சைபருக்குக் கீழ கூட போட்டுக்க” என்றாராம். “இவர் ஆஸ்பத்திரில கிடந்தப்ப ஒரு பைசா தரலையே! ஏதோ கண்டிஷன் சொல்லி ஏமாத்திட்டானுங்க. திருட்டுப் பசங்க.” வெயிலில் வந்த அக்காவிடம் கூட இதில் அம்மா தாட்சண்யம் காட்டவில்லை.

மறுநாள் அக்கா எனக்கு போன் செய்தார். “தம்பி, கிளைம் கிடைக்காத ஆளுங்களாத்தான் வேணுங்கறாங்க. உங்கம்மா சொன்னாங்களே. ஆயிரத்து இருநூறு. வரீங்கதானே?”

நான் வருகிறேன் என்றேன்.

நடந்தது என்னவென்றால், எந்தக் கம்பெனியும் எங்களை ஏமாற்றவில்லை. 2019-ல் அப்பாவுக்கு 61 வயசு. அவர் பாலிசியை வருஷா வருஷம் புதுப்பிப்பது என் வேலை. பிரீமியம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். நாலு வருஷமாகக் கட்டி ஒரு பைசா கிளைம் இல்லை, வேஸ்ட் என்று என் காமர்ஸ் மூளை சொன்னது. அதே மாதம் நான் பைக்குக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. நினைவூட்டி மூன்று எஸ்.எம்.எஸ். வந்தது. கெடு முடிந்த பிறகும் 30 நாள் தவணை தந்தார்கள். அதுவும் போனது. அதற்கு அடுத்த மாதம், விடியற்காலை நாலு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். பில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய் மூன்று வருஷம் கழித்து வந்தது. வளையல்கள் நாலும் விற்றது விற்றதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, “இன்ஷூரன்ஸ் என்னடா ஆச்சு?” என்று கேட்டபோது, “தரமாட்டேங்கறான்ம்மா” என்று என் வாய் தானாகச் சொன்னது. அதற்குள் யோசித்து எல்லாம் சொல்லவில்லை. அப்புறம் அதை மாற்றுவதற்கு எனக்கு வேளையே வரவில்லை.

அந்தப் பொய்தான் அம்மாவின் வாயில் சைபராகி, அக்காவின் டேப்லெட்டில் ஏறி, நுங்கம்பாக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தது.

கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர் ஐம்பது வயசுக்காரர். ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் குமாஸ்தா. அவர் மனைவிக்கு நிஜமாகவே கிளைம் மறுக்கப்பட்டிருந்தது. பாலிசி எடுக்கும்போது, தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை ஏஜென்ட் எழுதாமல் விட்டிருக்கிறார். அவர் ஒவ்வொரு காகிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இந்தக் கூட்டத்தில் சொன்னால் யாராவது பணத்தை வாங்கித் தருவார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார், பாவம். கண்ணாடியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்து என் முறை. “நீங்க சொல்லுங்க சார். அவங்க மறுத்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துது?” மாடரேட்டர் சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கலாம்.

நான் தயார் செய்துகொண்டு போயிருந்த வசனம் வரவில்லை. “அவங்க மறுக்கலை மேடம். நான் கட்டலை” என்றேன். பிறகு எல்லாமே வந்தது. பைக், எஸ்.எம்.எஸ்., வராந்தா, வளையல். யாரும் பேசவில்லை. பிளாஸ்டிக் கவர்காரர் மட்டும் என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

அந்தப் பெண் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி சார்” என்றாள். கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். “அந்த நேரத்துல... உங்க மனசுக்கு வந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பேருங்க என்னென்ன?”

அவளைக் குறை சொல்லவில்லை. அடுத்த கேள்வி அதுதான். நானும் மூன்று பெயர் சொன்னேன்.

வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவர் கொடுத்தார்கள். தப்பான ஆள் என்று தெரிந்தும் எனக்கு ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அடி விழுந்தது வேறு இடத்தில். மறுநாள் காலையில் அக்கா போன். கோபம் கூட இல்லை, களைப்புதான்.

“என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டீங்க? தப்பான ஆளக் கொண்டாந்தேன்னு என் காசைப் பிடிச்சுட்டாங்க. ஆளுக்கு முந்நூறுதான் எனக்கு வரும். அடுத்த வேலையும் குடுப்பாங்களான்னு தெரியல.”

எட்டு பேரைத் தேட அவர் எத்தனை மாடி ஏறியிருப்பார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். நாலு மணி நேரத்துக்கு எனக்கு 1,200. நாலு நாள் அலைந்ததில் என் தலைக்கு அவருக்கு 300, அதுவும் இப்போது இல்லை.

சாயங்காலம் கவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். முழுசையும் நீட்டினேன். அக்கா கவரைப் பிரித்து மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். “என் காசு போதும்” என்றார். டீ கொடுத்தார். இனிமேல் என்னைக் கூப்பிடுவதில்லை என்பதையும் டீயோடு சொல்லிவிட்டார்.

*

மிச்சம் 900 ரூபாய். முன்பின் தெரியாத ஏழு பேரிடமும், ஒரு கண்ணாடியிடமும், ஒரு கேமராவிடமும் சொன்னதை வீட்டில் சொல்லாமல் பாக்கெட்டில் வைத்திருந்தேன். அந்தக் கேமரா கேஸட்டை எவனெவன் பார்ப்பானோ. (கேஸட் எல்லாம் இப்போது இல்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.) தவிர, அம்மா இந்தப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒரு வரி விடாமல் படிக்கிறவர். எழுதுவதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா ஹாலில் டி.வி. முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து 900 ரூபாயை வைத்தேன்.

“என்னடா இது?”

சொன்னேன். கீரை ஆயும் கை நிற்கவில்லை. முழுக்க ஆய்ந்து முடிக்கும் வரை அம்மா எதுவும் பேசவில்லை. நானும் தண்டுகளைப் பொறுக்கிப் போட்டேன்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ராத்திரி சொல்லிடறேன்.”

“நீ சொல்லாத. நீ சொன்னா அந்த மனுஷன் உடனே ‘பரவால்ல விடுடா’ன்னுடுவார். நான் சொல்லிக்கறேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “இந்த வருஷம் கட்டியாச்சா?” என்றார்.

கட்டியிருந்தேன். 2019-க்குப் பிறகு ஒரு வருஷம் கூட விடவில்லை. ஆனால் அறுந்த பாலிசி அறுந்ததுதான். புதிதாக எடுத்தபோது, ஏற்கெனவே இருக்கும் நெஞ்சு வியாதிக்கு நாலு வருஷம் கிளைம் கிடையாது என்று காத்திருப்பு போட்டார்கள். (2024-ல்தான் அதை அதிகபட்சம் மூன்று வருஷம் என்று குறைத்தார்கள்.) அந்த நாலு வருஷமும் அப்பா இருமினால்கூட எனக்குத் தூக்கம் வராது. மொபைலில் ரசீதை எடுத்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தார். தொகையைப் படித்தார். மறுபடி தேதியைப் படித்தார்.

“அந்த சர்வே பொம்பளைகிட்ட நான் சைபர் போடச் சொன்னேனே. அதை மாத்தச் சொல்ல முடியுமா?”

“கேட்டுப் பாக்கறேன்ம்மா. எத்தனை போடச் சொல்ல?”

அம்மா கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“யாருக்கு? கம்பெனிக்கா, உனக்கா?”